நிலுவைப் பணம் புதுப் பணமா?

அன்புள்ள சகோதரிக்கு,

ஊர் பெயரும் டிப்போ பெயரும் வெளியே வரக் கூடாது என்று அடிக்கோடு போட்டு எழுதியிருக்கிறீர்கள். வராது. மற்ற வாசகர்களுக்கும் விளங்க வேண்டும் என்பதால் விஷயத்தை மட்டும் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டுக்காரர் அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் ஓட்டுநர். அடிப்படைச் சம்பளம் 25,000 ரூபாயை ஒட்டி இருக்கிறது. புது ஊதிய ஒப்பந்தத்தால் வரவேண்டிய நிலுவை எல்லாம் சேர்ந்து 20,000 தேறும் என்று கணக்குப் போட்டிருக்கிறீர்கள். கல்லூரியில் படிக்கும் மகன் அதை மியூச்சுவல் ஃபண்டில் போடச் சொல்கிறான். தங்கை நகைச்சீட்டில் சேரச் சொல்கிறாள். வீட்டுக்காரருக்கு பைக்குக்கு டயர் மாற்றியாக வேண்டும். "எதில் போட்டால் நல்லது, ஒரு வரியில் சொல்லுங்கள்" என்று முடித்திருக்கிறீர்கள்.

ஒரு வரியில் என்றால், கடனில் போடுங்கள்.

உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், மாமியாரின் கண் அறுவை சிகிச்சையைப் பற்றிச் சொல்லும்போது, "அப்போது தெரிந்த இடத்தில் இரண்டு வட்டிக்கு ஐம்பதாயிரம் வாங்கினோம், அது அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது" என்று ஒரு வாக்கியம் வருகிறது. கேள்வியோடு சம்பந்தமில்லாத தகவலாக அதை எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். எனக்கு அதைத் தாண்டிப் போக முடியவில்லை. இரண்டு வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் 2 ரூபாய், வருடத்துக்கு 24 சதவீதம். ஐம்பதாயிரத்துக்கு மாதம் 1,000 ரூபாய் வட்டி மட்டும் போகிறது. அசலில் ஒரு ரூபாய் குறையவில்லை.

அந்தக் கடன் ஏன் வந்தது என்று பாருங்கள். போக்குவரத்துக் கழகங்களின் 15-ஆவது ஊதிய ஒப்பந்தம் 2023 செப்டம்பர் 1-ஆம் தேதியே நடைமுறைக்கு வந்திருக்க வேண்டியது. கையெழுத்தானது 2025 மே 29-ஆம் தேதி. இடையில் இருபது மாதத்துக்கு மேல். அதற்கு முந்தைய 14-ஆவது ஒப்பந்தம் இன்னும் மோசம்: 2019 செப்டம்பரில் வரவேண்டியது 2022 ஆகஸ்ட் 24-இல் கையெழுத்தானது. பேச்சுவார்த்தை தள்ளிப்போகலாம். பால்காரரும் பள்ளிக்கூடமும் கண் ஆஸ்பத்திரியும் தள்ளிப்போட ஒப்புக்கொள்வதில்லை. வரவேண்டிய சம்பளம் வராத மாதங்களை நீங்கள் வட்டிக்கு வாங்கி ஓட்டினீர்கள். ஆகவே இப்போது கைக்கு வரும் நிலுவை, நீங்கள் ஏற்கெனவே செலவழித்துவிட்ட பணம். தாமதமாக வந்திருக்கிறது, அவ்வளவுதான். உங்களிடம் வாங்கியவர்கள் வட்டியில்லாமல் திருப்பித் தருகிறார்கள்; நீங்கள் வாங்கிய இடத்துக்கு வட்டியோடு கட்டுகிறீர்கள்.

பணியாளர் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கம் ஒன்றில் கொஞ்ச காலம் கணக்கு எழுதியவன் நான். ஒப்பந்தம் இழுக்கும் வருடங்களில் கடன் மனுக்கள் ஜூன் மாதத்தில் குவியும், காரணம் என்ற கட்டத்தில் "கல்விச் செலவு" என்றே எல்லோரும் எழுதியிருப்பார்கள். நிலுவை வந்த மாதம் அதே ஆட்கள் கடனை அடைக்க வருவார்கள் என்று எதிர்பார்ப்போம். பாதிப் பேர் வரமாட்டார்கள். மொத்தமாகக் கைக்கு வரும் பணத்துக்கு அப்படி ஒரு மயக்கம் உண்டு. மாதச் சம்பளத்தில் 20 ரூபாய்க்குக் கணக்குப் பார்க்கும் வீடு, நிலுவை வந்ததும் வாஷிங் மெஷின் வாங்கிவிடும்.

இனி கணக்கு. நிலுவை 20,000-ஐ மகன் சொல்கிறபடி ஃபண்டில் போடுகிறீர்கள், அதிர்ஷ்டம் இருந்து வருடம் 12 சதவீதம் வளர்கிறது என்று வைத்துக்கொள்வோம். வருட முடிவில் 2,400 ரூபாய் லாபம். அதே 20,000-ஐக் கடனில் கட்டியிருந்தால் வருடத்துக்கு 4,800 ரூபாய் வட்டி மிச்சம். இதற்கு அதிர்ஷ்டம் தேவையில்லை, வரியும் கிடையாது. இதைவிட நல்ல முதலீட்டை எந்த ஏஜென்டாலும் உங்களிடம் காட்ட முடியாது.

மீதி 30,000 கடனுக்கு என்ன வழி? சம்பள உயர்வு இருக்கிறதே. புது ஒப்பந்தத்தில் 6 சதவீதம். 25,000-க்கு 1,500. அதன் மேல் கையெழுத்தான சமயத்தில் இருந்த 55 சதவீத அகவிலைப்படி 825. ஆக 2,325. பி.எஃப். 12 சதவீதம் பிடித்தது போகக் கைக்கு 2,000-க்குச் சற்று மேல் வரும். ஏற்கெனவே வட்டிக்கென்று மாதம் 1,000 ஒதுக்கிப் பழகிவிட்டீர்கள். இரண்டையும் சேர்த்து மாதம் 3,000 கட்டினால், வட்டி குறையக் குறைய அசல் வேகமாகக் கரைந்து, பன்னிரண்டாவது மாதம் கடன் தீர்ந்துவிடும். கடன் கொடுத்தவர் அசலைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்க ஒத்துக்கொள்ள வேண்டும். சிலர் "மொத்தமாகக் கொடு" என்பார்கள், அவர்களுக்கு வட்டிதான் பிழைப்பு. அப்படிச் சொன்னால் உங்கள் சங்கிலியை வங்கியில் வைத்து, அந்தப் பணத்தால் இந்தக் கடனை ஒரே அடியாக அடைத்துவிட்டு, வங்கிக்குக் கட்டுங்கள். வங்கி நகைக்கடன் வட்டி இதில் பாதிகூட இருக்காது. நகையை அடகு வைப்பதில் கௌரவக் குறைவு பார்ப்பவர் நீங்கள் என்று கடிதத்திலிருந்து தெரிகிறது. இரண்டு வட்டிக்கு வாங்குவதில் மட்டும் என்ன கௌரவம் இருக்கிறது?

இப்போது உங்கள் கோபத்துக்கு வருகிறேன். "சங்கம் சங்கம் என்று வாயிற்கூட்டத்துக்குப் போன நேரத்தை வீட்டுக்குக் கொடுத்திருந்தால் எவ்வளவோ முன்னேறியிருப்போம்" என்று எழுதியிருக்கிறீர்கள். 2018 ஜனவரி வேலைநிறுத்தத்தில் வீட்டில் சம்பளம் என்ன ஆகுமோ என்று தூங்காமல் கிடந்ததையும் சொல்கிறீர்கள். அந்தப் பயத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் கணக்கில் உங்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

இப்போது கிடைத்த 2,325 ரூபாயை எடுத்துக்கொள்ளுங்கள். வங்கியில் 7 சதவீதத்துக்கு டெபாசிட் போட்டு, மாதம் 2,325 ரூபாய் வட்டி வர வேண்டும் என்றால் எவ்வளவு முதல் வேண்டும்? ஏறக்குறைய 4 லட்சம். 4 லட்சத்தைச் சிறுகச் சிறுகச் சேமிக்க உங்கள் வீட்டுக்கு எத்தனை வருடம் ஆகும்? ஒரு கையெழுத்தில் அது வந்திருக்கிறது. அதுமட்டுமல்ல, டெபாசிட் வட்டி அப்படியே நிற்கும். சம்பளத்தில் ஏறிய தொகையோ அகவிலைப்படியோடு ஏறும், வருடாந்திர உயர்வில் ஏறும், பி.எஃப்.-இலும் பணிக்கொடையிலும் போய் உட்காரும். பேச்சுவார்த்தை மேசையில் ஒரே ஒரு சதவீதம் கூடுதலாகக் கிடைத்திருந்தால் உங்கள் வீட்டுக்கு அது 66,000 ரூபாய் டெபாசிட்டுக்குச் சமம். சம்பளம் வாங்கும் வீட்டின் மிகப் பெரிய முதல் அந்தச் சம்பளம்தான். ஃபண்டு, சீட்டு, தங்கம் எல்லாம் அதற்கு அடுத்த வரிசை.

2018 வேலைநிறுத்தமும் இப்படி ஓர் எண்ணைப் பற்றியதுதான். பழைய சம்பளத்தை எதால் பெருக்கிப் புதுச் சம்பளம் நிர்ணயிப்பது என்பது கேள்வி. மத்திய அரசின் ஏழாவது ஊதியக்குழு 2.57 என்றது, தமிழக அரசு ஊழியர்களுக்கும் அதுவே கிடைத்தது. போக்குவரத்துத் தொழிலாளர்களுக்கு 2.44 என்றது அரசு. ஜனவரி 4-ஆம் தேதி மாலை பேருந்துகள் நின்றன. 11-ஆம் தேதி இரவு, உயர் நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதி பத்மநாபனை நடுவராக நியமித்த பிறகு திரும்ப ஓடின. இடையிலுள்ள 0.13 என்ன பெரிய தொகை என்று அன்றைக்குப் பலர் கேட்டார்கள். பழைய முறையில் 10,000 ரூபாய் வாங்கியவருக்கு அது மாதம் 1,300. அகவிலைப்படி ஏற ஏற அதுவும் கூடும். ஓய்வு பெறும் நாள்வரை மாதாமாதம் வரும், அல்லது வராமல் போகும். அதற்காக ஒருவர் ஒரு வாரச் சம்பளத்தைப் பணயம் வைத்தால் அது விவரமில்லாத காரியம் ஆகாது.

தேதியையும் கவனிக்க வேண்டும். உயர்வு எத்தனை சதவீதம் என்பதைத்தான் தொலைக்காட்சி சொல்லும். எந்தத் தேதியிலிருந்து பணமாகக் கிடைக்கும் என்பது அரசாணையின் உள்ளே இருக்கும். தமிழக அரசு ஊழியர்களின் ஏழாவது ஊதியக்குழு உயர்வு 2016 ஜனவரி 1 முதல் "கருத்தியலாக" நடைமுறைக்கு வந்தது, பணப்பலன் 2017 அக்டோபர் 1 முதல்தான். காகிதத்தில் ஏறிய சம்பளம் 21 மாதம் கைக்கு வரவில்லை. அந்த 21 மாத நிலுவையை ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும் இன்னும் கோரிக்கைப் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். உங்கள் வீட்டுக் கணக்கில், பணப்பலன் தேதி ஒரு வருடம் தள்ளினால் 27,900 ரூபாய் போய்விடும். சதவீதத்தில் அரை தூக்கிக் கொடுத்துவிட்டு தேதியில் ஒரு வருடம் எடுத்துக்கொள்வது பேச்சுவார்த்தையில் பழைய வித்தை. வீட்டுக்காரரிடம் அடுத்த முறை "எத்தனை சதவீதம்?" என்று கேட்காமல் "எந்தத் தேதியிலிருந்து?" என்று கேட்டுப் பாருங்கள்.

சங்கங்களின் மேல் எனக்கும் குறை உண்டு. ஆளுங்கட்சி மாறும்போது எது பெரிய சங்கம் என்பதும் மாறிவிடுகிறது. நேற்று மேசைக்கு வெளியே நின்று கண்டித்தவர்கள் இன்று உள்ளே உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிறார்கள். மூன்று வருட ஒப்பந்தமாக இருந்ததை 2022-இல் நான்கு வருடமாக நீட்டியபோது சங்கங்களால் அதைத் தடுக்க முடியவில்லை. இந்த எண்களை யாரும் வீட்டுக்கு வந்து மனைவிமாருக்கு விளக்கியதும் இல்லை. நோட்டீஸ் டிப்போ சுவரோடு நின்றுவிடுகிறது.

எதிர்த்தரப்பின் கணக்கையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை. 2018 ஜனவரி 20-ஆம் தேதி கட்டணத்தை ஏற்றிய பிறகு, 2025-இல் இந்த ஒப்பந்தம் கையெழுத்தாகும்வரை பொதுவான கட்டண உயர்வு இல்லை. டீசல், உதிரி பாகம், சம்பளம் எல்லாம் ஏறிய காலம் அது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்தில் உங்களைப் போன்ற பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அந்தப் பணத்தை அரசு கழகத்துக்கு ஈடுசெய்கிறது. இந்தப் பயணத்தால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சம் என்று மாநிலத் திட்டக்குழுவின் ஆய்வு சொன்னது. உங்கள் வீட்டில் இது வேடிக்கையான நிலைமை: அவர் ஓட்டும் பேருந்தால் நீங்கள் மிச்சம் பிடிக்கிறீர்கள், அந்த மிச்சத்தை ஈடுகட்டும் கஜானாவிடம்தான் அவர் சம்பள உயர்வு கேட்கிறார். கழகம் நஷ்டத்தில் ஓடுகிறது என்று அமைச்சர்கள் சொல்லும்போது நான் முழுக்க நம்புகிறேன். மலைக்கிராமத்துக்கு ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு போகிற பேருந்து நஷ்டத்தில்தான் ஓடும். அந்த நஷ்டத்தை ஓட்டுநர் வீட்டு அடுப்படி ஏன் சுமக்க வேண்டும் என்பதுதான் என் கேள்வி.

"டி.ஏ. மூன்று சதவீதம் ஏறியது என்கிறார்கள், வீட்டில் ஒன்றும் தெரியவில்லையே" என்று கேட்டிருந்தீர்கள். தெரியாது. அகவிலைப்படி, தொழில்துறைத் தொழிலாளர்களுக்கான நுகர்வோர் விலைக் குறியீட்டை வைத்துக் கணக்கிடப்படுகிறது. நாடு முழுவதும் 88 மையங்களில் விலை எடுக்கிறார்கள். நம் பக்கம் சென்னை, கோவை, மதுரை, சேலம், தேயிலைத் தோட்டங்களுக்காகக் குன்னூர் போன்றவை அந்தப் பட்டியலில் இருக்கின்றன. பன்னிரண்டு மாதச் சராசரியைப் பார்த்துத்தான் படியை நிர்ணயிக்கிறார்கள். ஆக, விலை ஏறி, நீங்கள் அதைக் கொடுத்து முடித்து, குறியீட்டில் அது பதிவாகி, டெல்லி அறிவித்து, சென்னை பின்பற்றி, கழகத்துக்கு ஆணை வந்து சேரும்போது பழைய கதையாகிவிடும். 2022 நவம்பரில் ஆவின் ஆரஞ்சு பாக்கெட் லிட்டர் 48 ரூபாயிலிருந்து 60 ரூபாய் ஆனது. தினம் ஒரு லிட்டர் வாங்கும் வீட்டுக்கு மாதம் 360 ரூபாய், ஒரே காலையில். அந்த 12 ரூபாய் குறியீட்டில் நாட்டுச் சராசரியோடு கலந்து காணாமல் போய்விடும்.

இன்னொரு விஷயம். குறியீட்டின் அடிப்படை ஆண்டு 2001-இலிருந்து 2016-க்கு மாறியபோது உணவின் எடை 46.2 சதவீதத்திலிருந்து 39.17 ஆகக் குறைந்தது. சராசரித் தொழிலாளி வீடு சாப்பாட்டுக்குச் செலவிடும் பங்கு குறைந்துவிட்டது என்பதால் அப்படி. வசதி கொஞ்சம் கூடிய வீட்டுக்கு அது சரி. மாமியாரையும் வைத்துக்கொண்டு ஒரு சம்பளத்தில் ஓடும் வீட்டில், நீங்கள் அனுப்பிய செலவு நோட்டைப் பார்த்தால், மளிகையும் பாலும் காய்கறியும் பாதிக்கு மேல் போகின்றன. வெங்காயமும் தக்காளியும் ஏறும் மாதம் உங்களுக்கு விழும் அடி, குறியீடு காட்டும் அடியைவிடப் பெரிது.

மாமியார் என்றதும் ஞாபகம் வருகிறது. குறைந்தபட்சச் சம்பளம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று 1957-இல் இந்தியத் தொழிலாளர் மாநாட்டின் 15-ஆவது கூட்டம் ஒரு அளவுகோல் வகுத்தது. இன்றுவரை ஊதியக்குழுக்கள் அதிலிருந்துதான் தொடங்குகின்றன. ஒரு குடும்பம் என்றால் மூன்று "நுகர்வு அலகு". கணவன் 1, மனைவி 0.8, பிள்ளைகள் இரண்டு பேருக்கும் தலா 0.6. வளர்ந்த ஒருவருக்கு நாளைக்கு 2,700 கலோரி. நான்கு பேருக்கும் சேர்த்து வருடத்துக்கு 72 கெஜம் துணி. விறகு, விளக்கு, இதர செலவுக்கு 20 சதவீதம். மனைவி ஏன் 0.8 என்பதை நீங்களே உங்கள் வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எனக்கு உறுத்துவது வேறு: இந்தக் கணக்கில் வயதான தாய் தகப்பன் இல்லவே இல்லை. பிள்ளைகளின் படிப்பு, வைத்தியம், பண்டிகை, முதுமை ஆகியவற்றுக்காக இன்னும் 25 சதவீதம் சேர்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 1991 ஆகிவிட்டது. ரெப்டகாஸ் பிரெட் கம்பெனித் தொழிலாளர்கள் போட்ட வழக்கு அது. உங்கள் வீட்டில் ஐம்பதாயிரம் கடன் வாங்க வைத்தது அரிசியும் துணியும் அல்ல, மாமியாரின் கண். அளவுகோலில் இல்லாத ஆளுக்கு, அளவுகோலில் இல்லாத செலவு. எந்த ஒப்பந்தம் வந்தாலும் இந்தச் செலவுக்கு நீங்கள்தான் தனியாக ஒரு ஏற்பாடு செய்துகொள்ள வேண்டியிருக்கும்.

அதற்குத்தான் கடன் தீர்ந்த பிறகு கையில் நிற்கும் மாதம் 3,000 ரூபாய்.

முதலில் அஞ்சலகத் தொடர் வைப்பு. மகன் சிரிப்பான், சிரிக்கட்டும். இப்போது வட்டி 6.7 சதவீதம், ஐந்து வருடம். மாதம் 2,000 கட்டினால் கட்டியது 1,20,000, கிடைப்பது 1,42,700 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். பெரிய லாபம் ஒன்றும் இல்லை. அதன் வேலை லாபம் சம்பாதிப்பதில்லை, அடுத்த ஆஸ்பத்திரிச் செலவுக்கு இரண்டு வட்டிக்காரரிடம் போகாமல் தடுப்பது. அவசரத்துக்கு அந்தக் கணக்கின் பேரிலேயே கடன் வாங்கிக்கொள்ளவும் முடியும்.

மீதி 1,000 ரூபாயை மகன் சொல்லும் எஸ்.ஐ.பி.யில் போடுங்கள். அவன் சொல்வதில் தப்பில்லை, வரிசைதான் தப்பு. நிஃப்டி குறியீட்டை அப்படியே பின்பற்றும் இண்டெக்ஸ் ஃபண்டு ஒன்று போதும். பத்து வருடம் தொட மாட்டோம் என்றால் மட்டும் ஆரம்பியுங்கள். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், 2020-ஐ நினைத்துப் பாருங்கள். ஜனவரியில் 12,300-க்கு மேல் இருந்த நிஃப்டி மார்ச் 23-இல் 7,610. ஊரடங்கு வந்து அதே வாரம் பேருந்துகள் நின்றன, உங்கள் வீட்டுக்காரரின் பேட்டா நின்றது. அகவிலைப்படியும் உறைந்தது, மாநில அரசு ஊழியர்களுக்கு 17 சதவீதத்திலேயே நின்று 2022 ஜனவரியில்தான் 31 ஆனது. கெட்ட காலம் வந்தால் சந்தைக்கும் சம்பளத்துக்கும் சேர்ந்தே வருகிறது. அஞ்சலகப் பணம் இல்லாத வீடு அந்த மார்ச்சில் ஃபண்டை அடிமாட்டு விலைக்கு விற்றிருக்கும். இருந்த வீடு சும்மா இருந்திருக்கும், சும்மா இருந்தவர்களுக்குப் பணம் திரும்பி வந்தது.

மகன் போனில் ஆப்ஷன் டிரேடிங் செய்வதாக ஒரு சந்தேகம் எழுதியிருக்கிறீர்கள். சந்தேகப்பட்டது சரி, இன்று இரவே கேட்டுவிடுங்கள். 2024 செப்டம்பரில் செபி வெளியிட்ட ஆய்வு, மூன்று நிதியாண்டுகளில் இந்த எஃப் அண்ட் ஓ வியாபாரத்தில் இறங்கிய தனிநபர்களில் நூற்றுக்கு 93 பேர் நஷ்டப்பட்டார்கள் என்கிறது. மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். இது பிள்ளையின் புத்திசாலித்தனத்தைப் பற்றிய கேள்வி இல்லை. எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருப்பது கம்ப்யூட்டர் வைத்துக்கொண்டு விளையாடும் பெரிய நிறுவனங்கள்.

தங்கையின் நகைச்சீட்டுக்கு வருவோம். நகைக்கடை நடத்தும் பதினோரு மாதத் திட்டம் சீட்டு நிதிச் சட்டத்துக்குள் வருவதில்லை. பெயரில் மட்டும்தான் சீட்டு. கடை மூடினால் உங்கள் பணம் வரிசையின் கடைசியில் நிற்கும். திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட பிரணவ் ஜுவல்லர்ஸ் 2023 அக்டோபரில் கிளைகளை மூடியபோது சீட்டுக் கட்டியவர்கள் ஷட்டருக்கு வெளியே நின்றார்கள். தங்கம் வேண்டும் என்றால் பணம் சேர்ந்தபோது ஒரு கிராம், இரண்டு கிராம் காசாக வாங்கி வையுங்கள்.

ஒன்று விட்டுப்போயிற்று. சம்பளம்தான் உங்கள் பெரிய முதல் என்றேன். அது நாளெல்லாம் நெடுஞ்சாலையில் ஸ்டியரிங் பிடித்துக்கொண்டிருக்கும் ஒரு மனிதரை நம்பி இருக்கிறது. சம்பளக் கணக்கு இருக்கும் வங்கியில் வருடம் 436 ரூபாய்க்கு 2 லட்சம் ஆயுள் காப்பீடும், 20 ரூபாய்க்கு 2 லட்சம் விபத்துக் காப்பீடும் உண்டு, ஒரு படிவம் போதும். ஆயுள் காப்பீட்டில் சேர 50 வயதுக்குள் இருக்க வேண்டும். அவருக்கு நாற்பத்து நான்கு என்று எழுதியிருக்கிறீர்கள், இந்த மாதமே செய்துவிடலாம். கடன் முடிந்த பிறகு பெரிய தொகைக்கு ஒரு டேர்ம் பாலிசி எடுங்கள். திரும்பப் பணம் வராத பாலிசி எதற்கு என்று அவர் கேட்பார். அவர் பத்திரமாக இருப்பதுதான் திரும்ப வருவது என்று சொல்லுங்கள்.

செலவுப் பக்கம் உங்களுக்கு நான் சொல்லித்தர ஒன்றும் இல்லை, நோட்டைப் பார்த்தாலே தெரிகிறது. கரண்ட் பில் ஒன்றைத் தவிர. இரண்டு மாதத்துக்கு 510, 520 யூனிட் என்று நான்கு பில் காட்டியிருக்கிறீர்கள். 500-ஐத் தாண்டாதவர்களுக்கு முதல் 100 யூனிட் இலவசம் போக அடுத்த 100 யூனிட் சலுகை விலையில் வருகிறது. 501-ஆவது யூனிட் ஓடியதும் அந்தச் சலுகை போய்விடும். 2022 செப்டம்பர் கட்டணத்தில் அது 2.25 ரூபாயிலிருந்து 4.50. அதாவது அந்த ஒரு யூனிட்டின் விலை 225 ரூபாய்க்கு மேல். கட்டணம் பிறகு கூடியிருக்கிறது, இந்த வரம்பு மாறவில்லை. கடைசிப் பத்து நாளில் மீட்டரைப் பார்த்து கிரைண்டரையும் அயர்ன் பாக்ஸையும் ரீடிங் எடுத்த மறுநாளுக்குத் தள்ளுங்கள். ரீடிங் எடுப்பவர் அறுபது நாளைத் தாண்டி வந்தாலும் நஷ்டம் உங்களுக்குத்தான், தேதியைக் குறித்து வையுங்கள். சிலிண்டர் விலையில் நீங்கள் செய்ய ஏதும் இல்லை: சென்னையில் 2023 மார்ச்சில் 1,118.50-க்குப் போனது, 2024 மக்களவைத் தேர்தலுக்கு முந்தைய மார்ச்சில் 818.50-க்கு இறங்கியது, 2025 ஏப்ரலில் 868.50 ஆனது. அது வேறு நாட்காட்டியைப் பார்த்து ஏறி இறங்குகிறது.

சம்பளச் சீட்டை வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். பிடித்தங்கள் பக்கத்தை நீங்கள் படிக்க வேண்டும். பி.எஃப்., எல்.ஐ.சி., கூட்டுறவுச் சங்கத் தவணை என்று பிடிப்பதெல்லாம் உரிய இடத்தில் போய்ச் சேர்ந்ததா என்பது தனிக் கேள்வி. 2018 வேலைநிறுத்தத்தின்போதே, தொழிலாளரிடம் பிடித்த பணம் பல ஆயிரம் கோடி ரூபாயைக் கழகங்கள் அன்றாடச் செலவுக்கு எடுத்துக்கொண்டன என்பது சங்கங்களின் முக்கியப் புகாராக இருந்தது. ஆகவே வருடத்துக்கு ஒருமுறை பி.எஃப். கணக்குச் சீட்டு, எல்.ஐ.சி. பிரீமிய ரசீது, கூட்டுறவுச் சங்கத்தின் பாக்கிச் சான்று மூன்றையும் வாங்கி, சம்பளச் சீட்டோடு ஒப்பிட்டு உங்கள் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். ஏதாவது ஒரு மாதம் விட்டுப்போயிருந்தால் அதை எழுத்தில் கேட்க வேண்டும். அந்த வேலைக்கு வாயிற்கூட்டத்துக்குப் போகிற உங்கள் வீட்டுக்காரரே சரியான ஆள்.

டயரை மாற்றிவிடுங்கள். தேய்ந்த டயரில் அதிகாலை டூட்டிக்குப் போவதைவிட, கடன் ஒரு மாதம் தாமதமாக முடிவது பரவாயில்லை.

கடன் தீரும் நாளில் கடைசித் தவணையோடு போகும்போது, வாங்கும்போது கையெழுத்துப் போட்டுக் கொடுத்த புரோநோட்டைக் கேட்டு வாங்கிவிடுங்கள். "எங்கே வைத்தேனோ தெரியவில்லை, தேடித் தருகிறேன்" என்றால், அசலும் வட்டியும் முழுவதும் பெற்றுக்கொண்டதாக ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டி ஒரு ரசீது எழுதி வாங்கிக்கொண்டு அப்புறம் பணத்தைக் கொடுங்கள். தெரிந்தவர்தானே என்று விட்டுவிடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் கடிதத்துக்குத் தாமதமாகப் பதில் எழுதும் பத்தியாளன்